97.3 சதவீதம் திரும்பும் என்றால் என் 8,000 எங்கே போனது?

கேள்வி: ஐயா, எனக்கு 26 வயது. பாம்பன் பக்கம் விசைப்படகில் வேலை. மீன்பிடித் தடைக்காலத்தில் சும்மா இருந்தபோது போனில் ரூலெட் ஆட ஆரம்பித்தேன்; எண்கள் எழுதிய சக்கரம் சுழலும், பந்து எதில் விழும் என்று பணம் வைக்க வேண்டும். ஒரே ஒரு ஜீரோ உள்ள ஐரோப்பிய மேசைதான். ஆட்டக்காரருக்கு 97.3 சதவீதம் திரும்புகிறது என்று ஆப்பிலேயே போட்டிருக்கிறது. அப்படியென்றால் ஆயிரத்துக்கு 27 ரூபாய்தானே போக வேண்டும்? தடைக்கால நிவாரணமாக வந்த 8,000 ரூபாய் நாலே ராத்திரியில் காலி. ராத்திரிக்கு இரண்டு மணி நேரம், சிவப்பு, கருப்பில் மட்டும் நூறு நூறாகத்தான் வைத்தேன். ஆப் ஏமாற்றுகிறதா? தங்கச்சிமடத்து நண்பன் ஒருவன், 50 ரூபாயில் தொடங்கி, தோற்கத் தோற்க இரட்டிப்பாக வைத்தால் நஷ்டமே வராது என்கிறான். ஏழு சுற்று தாங்க 6,350 ரூபாய் கையில் இருந்தால் போதுமாம். போட்டுக்காரரிடம் (படகு உரிமையாளர்) முன்பணம் வாங்கிச் செய்து பார்க்கலாமா? வேறொரு ஆப் 5,000 ரூபாய் போனஸ் தருகிறது, அதை எடுக்கலாமா?
– பெயர் வேண்டாம், பாம்பன்

பதில்: முன்பணம் வாங்காதீர்கள். போனஸும் வேண்டாம். இரண்டுக்கும் காரணம் ஒரே கணக்குதான். அது புரிந்துவிட்டால் உங்கள் முதல் கேள்விக்கும் பதில் கிடைத்துவிடும்.

ஆப்பில் போட்டிருக்கும் 97.3 பொய் என்று வைத்துக்கொள்ளத் தேவையில்லை. அது உண்மையாகவே இருந்தாலும் உங்கள் 8,000 போயிருக்கும். நீங்கள் பிடிபட்ட இடம் வேறு. ஆயிரத்துக்கு 27 என்பதை, ஆப்பில் போட்ட பணத்துக்கு ஒரு தடவை பிடிக்கும் தொகை என்று எடுத்துக்கொண்டீர்கள். அது ஒவ்வொரு தடவையும் மேசையில் வைக்கும் பணத்துக்குப் பிடிக்கிற தொகை. ஏலக்கூடத்தில் ஒரு கூடை நண்டு ஒரு தடவை விற்றால் ஒரு தடவைதான் கமிஷன். அதே கூடையைத் திரும்பத் திரும்ப ஏலத்துக்கு விட்டு ஒவ்வொரு தடவையும் கமிஷன் பிடித்தால் கடைசியில் கூடைக்காரருக்கு என்ன மிஞ்சும்? உங்கள் நூறு ரூபாய் அப்படித்தான் சுற்றி வந்திருக்கிறது.

நீங்கள் எழுதிய எண்களையே போட்டுப் பார்ப்போம். 2.7 சதவீதக் கழிவில் 8,000 ரூபாய் கரைய வேண்டுமானால், மேசையில் மொத்தம் சுமார் 2,96,000 ரூபாய் வைத்திருக்க வேண்டும். இவ்வளவு பணம் ஏது என்று கேட்பீர்கள். நூறு நூறாக 2,960 ஸ்பின் (சுழற்சி) ஆடினால் அந்தத் தொகை வந்துவிடும். போனில் வேகமாகச் சுழற்றினால் ஒரு ஸ்பின்னுக்கு எட்டு விநாடி போதும், மணிக்கு 450 ஸ்பின். 2,960 ஸ்பின்னுக்கு ஆறரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே ஆகும். நான்கு ராத்திரிக்கு நீங்கள் ஆடியது எட்டு மணி நேரம். ஆப் ஏமாற்ற வேண்டிய அவசியமே இல்லை.

இந்த 2.7 எங்கிருந்து வருகிறது? ஐரோப்பியச் சக்கரத்தில் 37 குழிகள்: 1 முதல் 36 வரை, அதில் 18 சிவப்பு, 18 கருப்பு, கூடவே பச்சையில் ஒரு ஜீரோ. ஒரே எண்ணில் வைத்து ஜெயித்தால் ஒன்றுக்கு 35 தருவார்கள், வைத்த காசும் திரும்ப வரும். இப்போது 37 எண்ணிலும் பத்துப் பத்து ரூபாய் வைப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். செலவு 370. எது விழுந்தாலும் கைக்கு வருவது 350-ம், வைத்த 10-ம் சேர்த்து 360. ஒவ்வொரு சுழற்சிக்கும் 370-க்கு 10 குறைகிறது. அதிர்ஷ்டத்துக்கு இடமே இல்லாமல் ஆடினாலும் போகிற பணம் இது. 10-ஐ 370-ஆல் வகுத்தால் 2.70 சதவீதம். இதைத்தான் ஹவுஸ் எட்ஜ் என்கிறார்கள். 37-ல் ஒரு பங்கு வாய்ப்பு உள்ள எண்ணுக்கு, 36 எண்தான் இருப்பதுபோலக் கணக்குப் போட்டுப் பணம் கொடுக்கிறார்கள். சக்கரத்தின் ரகசியம் இவ்வளவுதான்.

சிவப்பு, கருப்பில் வைத்தால் பாதுகாப்பு என்று நினைத்திருக்கிறீர்கள். 37-ல் 18 தடவை ஜெயிப்பு, 19 தடவை தோல்வி. கழிவு அதே 2.70. இரண்டு எண்ணுக்கு நடுவில் வைத்தால் ஒன்றுக்கு 17, மூன்று எண் வரிசைக்கு 11, நான்கு எண் மூலைக்கு 8, ஆறு எண்ணுக்கு 5, பன்னிரண்டு எண் டஜனுக்கு 2. எல்லாவற்றிலும் கழிவு அதேதான். இரண்டு மூன்று வகையைக் கலந்து வைத்து மேசையில் முக்கால்வாசியை மூடினாலும் சராசரி மாறாது. மாறுவது ஏற்ற இறக்கம் மட்டும்: ஒற்றை எண்ணில் காசு குதித்துக் குதித்துப் போகும், சிவப்பில் நிதானமாகக் கரையும்.

மேசைக்கு மேசை கழிவு வேறுபடும் என்பது உண்மை. அமெரிக்கச் சக்கரத்தில் ஜீரோவோடு இரட்டை ஜீரோவும் உண்டு; 38 குழி, கொடுப்பதோ அதே 35, கழிவு 5.26 சதவீதம். அந்த மேசையில் 0, 00, 1, 2, 3 ஆகிய ஐந்தையும் சேர்த்து வைக்கும் பந்தயத்துக்கு 7.89. மூன்று ஜீரோ உள்ள சக்கரங்களும் இருக்கின்றன, அங்கே 7.69. எதிர்த்திசையில், பிரெஞ்சு விதி ஒன்று உண்டு: சிவப்பு-கருப்பு, ஒற்றை-இரட்டை போன்ற பந்தயங்களில் ஜீரோ விழுந்தால் பாதிப் பணம் திரும்பக் கிடைக்கும். கழிவு 1.35-ஆகக் குறையும். இப்போது அதிகம் விளம்பரப்படுத்தும் நேரலை மேசைகள் சிலவற்றில் எண்ணுக்கு 35-க்குப் பதில் 29-தான் கொடுக்கிறார்கள். அவ்வப்போது சில எண்களுக்கு 50 மடங்கு, 500 மடங்கு என்று மின்னும். அந்த மின்னல் உங்கள் எண்ணில் விழாதவரை 37-க்கு 30-தான் திரும்புகிறது, கிட்டத்தட்ட 19 சதவீதக் கழிவு. பிடித்ததன் பெரும்பகுதியை எப்போதாவது, யாரோ ஒருவருக்கு மொத்தமாகத் தருகிறார்கள். அவர் பெயர்தான் திரையில் ஓடும். இவையெல்லாம் விதிப் பக்கத்தில் எழுதியே இருக்கும். திறந்து படிக்கிறவர்கள் குறைவு.

கழிவு குறைந்தால் காசினோவுக்கு நஷ்டம் என்றும் நினைக்க வேண்டாம். 1843-ல் ஜெர்மனியின் ஹோம்பர்க்கில் பிளாங்க் சகோதரர்கள் ஒற்றை ஜீரோ சக்கரத்தைக் கொண்டுவந்தார்கள். கழிவு பாதியானதும் ஆட்டக்காரர்கள் அங்கே திரண்டார்கள். அந்த வளத்தோடுதான் சகோதரர்களில் ஒருவரான பிரான்சுவா பின்னால் மொனாக்கோவின் மான்டி கார்லோ காசினோவை எடுத்து நடத்தினார். அவருக்குப் பணம் வந்தது சுழற்சியின் எண்ணிக்கையில். இன்றைய ஆப்பின் வேகப் பொத்தானும், தானாகச் சுழலும் ஆட்டோ வசதியும் அதே கணக்கில் வைத்தவைதான். பந்தயத்தை நூறிலிருந்து ஐம்பதாகக் குறைத்துவிட்டு ஸ்பின்னை இரண்டு மடங்காக்கினால் ஒரு ரூபாய்கூட மிச்சமில்லை.

அப்படியானால் சில ராத்திரி லாபம் வந்ததே என்று கேட்கலாம். வரும். நூறு ரூபாயாக 100 ஸ்பின் ஆடினால் சராசரி நஷ்டம் 270 ரூபாய்தான். ஏற்ற இறக்கமோ இரண்டு பக்கமும் ஆயிரம் ரூபாய் அளவுக்கு இருக்கும். ஆகவே நூறு பேர் அப்படி ஆடினால் சுமார் 36 பேர் லாபத்தோடு எழுந்திருப்பார்கள். 1,000 ஸ்பின் என்றால் லாபத்தில் இருப்பது சுமார் 19 பேர். 10,000 ஸ்பின்னுக்குப் பிறகு முந்நூறு பேரில் ஒருவர். முதல் ராத்திரி ஜெயித்த ஞாபகம்தான் நான்காவது ராத்திரி வரை ஒருவரை உட்கார வைக்கிறது. திரையின் ஓரத்தில் கடைசி இருபது முடிவுகளைக் காட்டுவதும் இதற்குத்தான். ஆறு தடவை தொடர்ந்து சிவப்பு விழுந்திருந்தாலும் ஏழாவது கருப்புக்கு அதே 37-ல் 18-தான். 1913 ஆகஸ்ட் 18 அன்று மான்டி கார்லோவில் தொடர்ந்து 26 தடவை கருப்பு விழுந்தது. இனி சிவப்புதான் என்று வைத்துக்கொண்டே போனவர்கள் பெரும்பணம் இழந்தார்கள். போனில் பந்தே கிடையாது. பொத்தானை அழுத்தியதும் எண் முடிவாகிவிடுகிறது, சக்கரம் சுற்றுவது உங்களுக்காக ஓடும் படம். நேரலை மேசையில் மட்டும் நிஜப் பந்து உருளும்.

இனி உங்கள் நண்பரின் வழி. 50, 100, 200, 400, 800, 1,600, 3,200. ஏழு பந்தயம், மொத்தம் 6,350. இடையில் எப்போது ஜெயித்தாலும் 50 ரூபாய் லாபத்தோடு ஒரு வட்டம் முடியும், மறுபடி 50-லிருந்து தொடங்கலாம். ஏழும் தொடர்ந்து தோற்றால் 6,350-ம் போச்சு. ஒரு தடவை தோற்கும் வாய்ப்பு 37-ல் 19. அதை ஏழு தடவை பெருக்கினால் 0.0094 வரும், அதாவது 106 வட்டத்துக்கு ஒன்று. நண்பர் பார்த்தது மற்ற 105 வட்டங்களை. அவர் பொய் சொல்லவில்லை, இன்னும் அந்த ஒன்று வரவில்லை, அவ்வளவுதான்.

6,350 ரூபாய் சம்பாதிக்க 127 வட்டம் தொடர்ந்து ஜெயிக்க வேண்டும். ஒரு வட்டத்துக்குச் சராசரி இரண்டு ஸ்பின். உங்கள் வேகத்தில் 127 வட்டத்துக்கு 35 நிமிடம் ஆகும். அந்த 35 நிமிடத்தைத் தாண்டிப் பணத்தை இரட்டிப்பாக்கும் வாய்ப்பு 30 சதவீதம். மொத்தமும் போக 70. இதே 6,350-ஐ ஒரே தடவையில் சிவப்பில் வைத்தால் இரட்டிப்பாகும் வாய்ப்பு 48.6 சதவீதம். அதைச் செய்யுங்கள் என்று சொல்லவில்லை. நஷ்டமே வராது என்று சொல்லப்படும் முறை, கண்ணை மூடிக்கொண்டு ஒரே தடவை வைப்பதைவிடவும் மோசம் என்று காட்டத்தான் இந்த ஒப்பீடு. ஏன் மோசம்? இரட்டிப்பு முறையில் ஒரு வட்டத்துக்குச் சராசரி 380 ரூபாய் மேசைக்குப் போய் வருகிறது, ஒவ்வொரு ரூபாயிலும் 2.7 சதவீதம் கழிகிறது. 50 ரூபாய் லாபம் கண்ணுக்குத் தெரிகிறது. வட்டத்துக்குப் பத்து ரூபாய் சராசரி நஷ்டம் தெரிவதில்லை. அது சேர்ந்து ஒரே நாளில் 6,350-ஆகத்தான் தெரியும்.

இன்னும் அதிகப் பணம் வைத்துக்கொண்டு எட்டாவது, ஒன்பதாவது என்று நீட்டலாமே என்பார்கள். எட்டாவது பந்தயம் 6,400. 5,000 ரூபாய் உச்சவரம்பு உள்ள மேசையில் அதை வைக்கவே விடமாட்டார்கள். வரம்பு இல்லாவிட்டாலும், ஒரு சுற்று கூட்டினால் தோல்வி வருவது ஏறக்குறைய பாதியாகக் குறையும், வரும்போது போகிற தொகையோ இரண்டு மடங்குக்குச் சற்றே அதிகம். முன்பணம் வாங்கி இதைச் செய்தால், ஜூன் 15-க்குப் பிறகு கடலுக்குப் போய் வரும் பங்கில் முதல் சில வாரம் அந்தக் கடனுக்கே கழியும். திங்கள், புதன், சனி என்று வாரத்துக்கு மூன்று நாள்தான் தொழில் என்றிருக்கும்போது, அந்த வாரங்கள் எவ்வளவு நீளம் என்பது என்னைவிட உங்களுக்குத் தெரியும்.

போனஸ் 5,000 விஷயத்தில் சிறு எழுத்தில் இரண்டு எண்ணைத் தேடுங்கள். ஒன்று, எத்தனை மடங்கு ஆட வேண்டும். மற்றது, ரூலெட் எத்தனை சதவீதம் கணக்கில் சேரும். 35 மடங்கு என்றிருந்தால் 1,75,000 ரூபாய்க்கு ஆடிய பிறகுதான் போனஸை எடுக்கலாம். அந்தத் தொகைக்கு 2.7 சதவீதம் 4,730. கொடுத்த 5,000 ஏறக்குறைய அங்கேயே தீர்ந்தது. ரூலெட் பத்து சதவீதம்தான் சேரும் என்று இருந்தால் 17,50,000 ரூபாய்க்கு ஆட வேண்டும். கழிவு 47,300. பல இடங்களில் ரூலெட் கணக்கிலேயே சேராது. அதுவரை நீங்கள் போட்ட சொந்தப் பணத்தையும் எடுக்க விடாத நிபந்தனை இருக்கிறதா என்றும் பாருங்கள்.

ஏமாற்று என்று ஒன்று இருக்கவே இருக்காதா? இருக்கும், பெரும்பாலும் சக்கரத்தில் அல்ல. சக்கரத்தைச் சந்தேகித்தால் ஆட்ட வரலாற்றில் ஜீரோவை மட்டும் எண்ணலாம்: 3,700 ஸ்பின்னில் சுமார் 100 தடவை விழ வேண்டும், 80 முதல் 120 வரை இயல்பு, 150 என்றால் ஏதோ தப்பு. உண்மையான மோசடி பணத்தை வெளியே எடுக்கும்போது நடக்கும். கணக்கைச் சரிபார்க்க 2,000 கட்டு, வரியை முன்கூட்டிக் கட்டினால்தான் ஜெயித்த பணம் விடுபடும் என்பார்கள். ஒரு ரூபாயும் கட்டாதீர்கள். ஜெயித்த நிகரத் தொகைக்கு 30 சதவீத வருமான வரி உண்டு என்பது உண்மைதான். அது அரசுக்குக் கட்டுவது, டெலிகிராமில் பேசுகிறவருக்கு அல்ல.

இதைவிட ஆபத்தான ஒன்றையும் பாருங்கள். பணம் போடும்போது யுபிஐயில் யார் பெயர் வந்தது? ஒவ்வொரு தடவையும் வேறு வேறு தனிநபர் பெயர் வந்திருந்தால் அவை வாடகைக்கு எடுத்த கணக்குகள். திரும்ப வரும் பணமும் அப்படி ஒரு கணக்கிலிருந்து வந்தால், எங்கோ ஒருவர் கொடுத்த சைபர் புகாரின் பேரில் உங்கள் கணக்கும் முடக்கப்படலாம். நிவாரணமும், மீனவர் சேமிப்புத் திட்டப் பணமும் வருவது அதே பாஸ்புக்கில்தானே? கணக்கை விடுவிக்க அலைந்து தீராது.

சட்டத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். ரூலெட் முழுக்க அதிர்ஷ்ட ஆட்டம். தமிழ்நாட்டில் 2023 ஏப்ரல் முதல் இணையவழிச் சூதாட்டத் தடைச் சட்டம் இருக்கிறது. அதன்படி ஆடுகிறவருக்கே மூன்று மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 2025 ஆகஸ்ட் 22 அன்று குடியரசுத் தலைவர் ஒப்புதல் பெற்ற மத்தியச் சட்டம், பணம் வைத்து ஆடும் எல்லா இணைய ஆட்டங்களையும் நடத்துவதற்குத் தடை போடுகிறது. நடத்துகிறவருக்கு மூன்று ஆண்டு வரை சிறை, ஒரு கோடி வரை அபராதம். ஆடுகிறவரை அந்தச் சட்டம் தண்டிக்கவில்லை. ஆனால் தடைக்குப் பிறகும் உங்கள் போனில் ஓடுகிற ஆப் நம் நாட்டு அதிகாரி யாருக்கும் கட்டுப்படாதது. அதில் போட்டிருக்கும் 97.3-க்கு யார் சாட்சி?

இன்றே செய்ய வேண்டியவை சிலதான். ஆப்பில் மீதி இருந்தால், போனஸை மறுத்துவிட்டு, மேற்கொண்டு பணம் கட்டாமல் எடுக்க முடிந்தால் எடுங்கள். எடுக்க முடியாவிட்டால் விட்டுவிடுங்கள். வங்கி ஆப்பில் யுபிஐ தின வரம்பை 1,000-க்குக் குறையுங்கள். அடுத்த நிவாரணம் வரும் கணக்கை போனில் எந்த யுபிஐ ஆப்போடும் இணைக்காமல் வையுங்கள், ஏடிஎம் கார்டு அம்மாவிடமோ வீட்டில் வேறு யாரிடமோ இருக்கட்டும். போன 8,000-ஐ ஆடி மீட்கப் பார்க்காதீர்கள். அந்த எண்ணம் வந்து ராத்திரி தூக்கம் கெடுகிறது என்றால் 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணுக்குப் பேசுங்கள். இலவசம், இருபத்துநாலு மணி நேரமும் உண்டு, தமிழில் பேசலாம். சேமிப்பு நிவாரணத் திட்டத்துக்கு உங்கள் பங்கு 1,500 ரூபாயை இந்த ஆண்டு கட்டிவிட்டீர்களா என்று மீனவர் கூட்டுறவுச் சங்கத்தில் கேளுங்கள். மத்திய, மாநில அரசுகள் தங்கள் பங்கைச் சேர்த்து 4,500-ஆகத் தரும் பணம் அது. விட்டுப்போயிருந்தால் அடுத்த ஆண்டுக்காவது பெயர் இருக்கட்டும்.

பணம் எடுக்கக் கட்டணம் கேட்டு யாராவது ஏற்கெனவே உங்களிடம் வாங்கியிருந்தால் தாமதிக்க வேண்டாம். உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்குக் கூப்பிடுங்கள். பணம் போன யுபிஐ பெயர், பரிவர்த்தனை எண், தேதி, நேரம், அவர் அனுப்பிய செய்தி எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிட்டுத்தான் ஆப்பை நீக்க வேண்டும். முதலிலேயே நீக்கிவிட்டால் புகாரில் காட்ட கையில் ஒன்றும் இருக்காது.